பார்சலார் பதில்கள்: பெட்டி போகுமா, திரும்புமா?

கடல் தாண்டிப் பொருள் விற்கும் சிறு வியாபாரிகளின் கேள்விகள் மட்டும் இந்த வாரம். பெயர் வேண்டாம் என்று பலரும் எழுதியிருந்ததால் ஊரையும் சரக்கையும் மட்டும் போட்டிருக்கிறோம்.

காஞ்சிபுரம், கொலு பொம்மை

கே: 2025 நவராத்திரிக்கு நியூ ஜெர்சியிலிருந்து நல்ல ஆர்டர். தபால் ஆபீஸுக்குப் போனால் "அமெரிக்காவுக்கு சர்வீஸ் இல்லை" என்று ஒரே பதில். நாங்கள் என்ன தப்பு செய்தோம், பார்சலாரே?

ப: நீங்கள் ஒன்றும் செய்யவில்லை. நவராத்திரிதான் தப்பான மாதத்தில் வந்து மாட்டிக்கொண்டது.

அமெரிக்காவில் ஒருவருக்கு ஒரு நாளில் 800 டாலர் மதிப்பு வரை வரும் பொருளுக்கு டியூட்டி கிடையாது என்று ஒரு சலுகை இருந்தது. முன்பு 200 டாலராக இருந்ததை 2016-ல் 800 ஆக்கினார்கள். உங்கள் தசாவதார செட்டும் அந்தக் கதவு வழியாகத்தான் போனது, சீனாவிலிருந்து மூட்டை மூட்டையாக வந்த மலிவு உடுப்பும் அதே கதவு வழியாகத்தான் போனது. 2025 மே 2-ம் தேதி சீனாவுக்கும் ஹாங்காங்குக்கும் கதவைச் சாத்தினார்கள். ஜூலை 30-ல் ட்ரம்ப் போட்ட கையெழுத்தால் ஆகஸ்ட் 29 முதல் மீதி உலகத்துக்கும் சாத்தியாயிற்று.

வரி போட்டதோடு விஷயம் முடிந்திருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம். அதை யார் வசூலிப்பது, எப்படிக் கட்டுவது என்ற ஏற்பாடு தயாராக இல்லை. அஞ்சல் மூட்டையைச் சுமக்கும் விமானக் கம்பெனிகளும், அமெரிக்க கஸ்டம்ஸ் அங்கீகரித்த ஏஜென்ட்களும் வசூலிக்க வேண்டும் என்றார்கள். விமானக் கம்பெனிகள் மூட்டையை ஏற்றவே மறுத்தன. இந்திய அஞ்சல் துறை ஆகஸ்ட் 25 முதல் நிறுத்தியது. கடிதமும் 100 டாலர் வரையிலான கிஃப்ட்டும் போகும் என்று முதலில் சொன்னார்கள், சில நாளில் அதுவும் நின்றது. இது நம் ஊர் அவலம் மட்டும் என்று நினைக்காதீர்கள். ஜெர்மனியும் பிரான்ஸும் ஆஸ்திரேலியாவும்கூட நிறுத்தின. உலக அஞ்சல் ஒன்றியத்தின் கணக்கில் 88 அஞ்சல் அமைப்புகள் கையை விரித்தன, அமெரிக்காவுக்கான தபால் 80 சதவீதத்துக்கு மேல் விழுந்தது.

இந்தியாவிலிருந்து மறுபடி புக்கிங் திறந்தது அக்டோபர் 15-ல். கொலு வைத்தது செப்டம்பர் 22-ல். தீபாவளி அக்டோபர் 20. ஆக, கொலுவும் போச்சு, தீபாவளிக்கும் நேரம் இல்லை.

கும்பகோணம், வெற்றிலைப் பெட்டி

கே: அந்த 800 டாலர் சலுகை திரும்ப வருமா?

ப: வராது என்றே விலை போடுங்கள். 2025 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய பெரிய வரிச் சட்டத்திலேயே 2027 ஜூலை 1 முதல் இந்தச் சலுகை ரத்து என்று எழுதிவிட்டார்கள். அதிபர் மனசு மாறினாலும், அதிபரே மாறினாலும், சட்டத்தை மாற்ற இன்னொரு சட்டம் வேண்டும்.

சின்னாளபட்டி, புடவை

கே: இன்ஸ்டாவில் விற்கிறேன். வெளிநாட்டுக் கஸ்டமர்களே "அக்கா, கிஃப்ட்னு போட்டு, விலையைக் குறைச்சு எழுதி அனுப்புங்க"ன்னு சொல்றாங்க. அவங்களே கேட்கும்போது நமக்கென்ன?

ப: தோழிக்குத் தோழி அனுப்பினால் கிஃப்ட், அம்மணி. பணம் வாங்கிக்கொண்டு அனுப்பினால் வியாபாரம். மொய் வாங்கிக்கொண்டு அதற்கு ஜி.எஸ்.டி. பில் கொடுக்கும் கல்யாண வீடு எங்கேயாவது உண்டா?

அமெரிக்காவில் 100 டாலர் வரையிலான கிஃப்ட்டுக்கு டியூட்டி இல்லை என்பது உண்மை. பிரிட்டனில் 39 பவுண்டு வரை வாட் வரி இல்லை என்பதும் உண்மை. இரண்டுமே தனிமனிதர் தனிமனிதருக்குச் சும்மா கொடுப்பதற்கு. உங்கள் பெட்டியைத் திறந்தால் முதலில் வருவது என்ன? கடையின் விசிட்டிங் கார்டு, "மீண்டும் வருக" சீட்டு, கூடவே இன்ஸ்டா பேஜுக்குப் போகும் க்யூ.ஆர். கோடு. கஸ்டம்ஸ்காரர் போனை எடுத்து ஸ்கேன் செய்தால் விலைப்பட்டியலே வந்து நிற்கும். சாட்சியை நீங்களே பட்டு நூல் கட்டி உள்ளே வைத்து அனுப்புகிறீர்கள்.

சரி, மாட்டவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். 8,000 ரூபாய்ப் புடவையை 800 என்று எழுதி அனுப்பி, அது வழியில் தொலைந்தால் 8,000-க்கு நஷ்டஈடு கேட்க முடியுமா? எழுதிய மதிப்புக்குத்தான் கிளெய்ம். வங்கியில் டாலர் வந்து உட்கார்ந்திருக்கும், அதற்கு ஜோடியாக ஏற்றுமதி பில் எதுவும் இருக்காது. "இந்தப் பணம் எதற்கு வந்தது?" என்று வங்கி கேட்கும் அன்றைக்கு, தோழி அன்பாக அனுப்பினாள் என்று சொல்வீர்களா?

கஸ்டமர் கேட்டார் என்பது வாட்ஸ்அப்பில் இருக்கும். டிக்ளரேஷனில் இருப்பது உங்கள் கையெழுத்து.

கரூர், மேசை விரிப்பு, தலையணை உறை

கே: கூரியரில் டல்லாஸுக்கு அனுப்பினேன். வாசலில் டியூட்டி கேட்டதும் கஸ்டமர் பார்சலை வாங்க மாட்டேன் என்று திருப்பிவிட்டார். இப்போது ரிட்டர்ன் சார்ஜையும் என்னிடமே கேட்கிறார்கள். இது எந்த ஊர் நியாயம்?

ப: நீங்கள் கையெழுத்துப் போட்ட கூரியர் ஒப்பந்தத்தின் நியாயம். பொடி எழுத்தில் இருக்கும்: வாங்குகிறவர் கட்டாவிட்டால் அனுப்பியவர் கட்ட வேண்டும்.

டியூட்டியை வாங்குபவர் தலையில் கட்டி அனுப்புவது ஒரு வகை. அனுப்பும்போதே நாமே கட்டிவிடுவது இன்னொரு வகை, அதை டி.டி.பி. என்பார்கள். 800 டாலர் சலுகை இருந்தவரை அமெரிக்காவுக்கு அனுப்பும் சிறு வியாபாரிக்கு இந்த வித்தியாசமே தெரிய வேண்டியிருக்கவில்லை, ஏனென்றால் கட்டுவதற்கே ஒன்றும் இல்லை. இப்போது இதுதான் மொத்த வியாபாரமும். முதல் வகையில் கூரியர்காரர் டியூட்டியைத் தன் பணத்தில் கஸ்டம்ஸுக்குக் கட்டுகிறார், அதற்குத் தனியாக ஒரு கட்டணம் சேர்க்கிறார், இரண்டையும் கஸ்டமரிடம் கேட்கிறார். கஸ்டமர் உங்கள் கடையில் ஏற்கெனவே பில் கட்டியவர். வாசலில் இரண்டாவது பில் வந்தால் அவருக்கு உங்கள் மேல்தான் சந்தேகம் வரும். டியூட்டி என்றால் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, நீங்களும் சொல்லவில்லை.

அதனால் பொருள், தபால், டியூட்டி மூன்றையும் கூட்டிய விலையைப் பேஜிலேயே போடுங்கள். கூடுதலாகத் தெரியும், சில ஆர்டர் குறையும். குறையட்டும். வாசல்வரை போய்த் திரும்பிவரும் ஒரு பெட்டி, போகாத பல ஆர்டர்களின் லாபத்தைத் தின்றுவிடும்.

இப்போது சிக்கியிருக்கும் பெட்டிக்கு: தலையணை உறையின் விலையைவிட ரிட்டர்ன் சார்ஜ் அதிகம் என்றால், திருப்பி அனுப்பாமல் அங்கேயே கைவிடச் சொல்ல முடியுமா, அப்போதும் டியூட்டி உங்கள் கணக்கில் ஏறுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். போனில் கேட்டால் போனோடு போகும்.

சேலம், வெள்ளிக் கொலுசு

கே: தபாலில் அனுப்பினால் அமெரிக்காவுக்கு எத்தனை சதவீதம்?

ப: எந்தத் தேதியில் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. விளையாட்டாகச் சொல்லவில்லை.

2025 அக்டோபர் 15-ல் புக்கிங் திறந்தபோது, எழுதிய பொருள் விலையில் 50 சதவீதம் என்று ஒரே கணக்காக வைத்தார்கள். பொருள் விலை என்றால் தபால் செலவு சேராத விலை. 3,000 ரூபாய்ச் சரக்குக்கு 1,500 ரூபாய் டியூட்டி, தபால் கட்டணம் தனி. இரண்டையும் கவுன்டரிலேயே கட்டிவிட்டால் அங்கே கஸ்டமர் வாசலில் யாரும் கையேந்த மாட்டார்கள். கூரியரில் அந்தச் சரக்குக்கு என்றே உள்ள அடிப்படை டியூட்டியும் மேலே சேரும். தபாலில் அது சேரவில்லை என்பதால், நிறைய பேர் கவனிக்காத லாபம் ஒன்று அதில் இருந்தது.

அதன் பிறகு வாஷிங்டனில் அந்தச் சதவீதம் ஒரே இடத்தில் நிற்கவில்லை. இதழில் ஓர் எண்ணை அச்சடித்து நான் உங்களை மாட்டிவிட விரும்பவில்லை. புக்கிங் அன்று கவுன்டரில் கேளுங்கள். கஸ்டமருக்குக் கொட்டேஷன் கொடுக்கும்போது "இந்த விலை 7 நாளுக்கு மட்டும்" என்று ஒரு வரி சேருங்கள். தங்கம், வெள்ளி விற்பவருக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. உங்கள் கடைப் பலகையில் விலை தினமும் மாறுகிறது, யாரும் சண்டைக்கு வருவதில்லையே.

சிதம்பரம், கவரிங் நகை

கே: எச்.எஸ். கோடு போடாமல் பார்சல் அனுப்பலாமா?

ப: அனுப்பலாம். திரும்பி வரும்.

கே: (அதே நபர், அடுத்த தபாலில்) சரி, எப்படிப் போடுவது?

ப: அப்படிக் கேளுங்கள். எச்.எஸ். கோடு என்பது சரக்கின் வகையைச் சொல்லும் எண். முதல் 6 இலக்கம் உலகம் முழுக்கப் பொது. அதற்குமேல் நாட்டுக்கு நாடு வேறு. இந்தியாவில் 8, அமெரிக்காவில் 10. கவரிங் என்றால் 7117-ல் தொடங்கும். பட்டுத் துணி 5007. தங்கமுலாம் பூசியது என்பதால் தங்க நகைத் தலைப்பான 7113-ல் போட்டுவிடாதீர்கள், தேவையில்லாத கேள்விகள் எல்லாம் வரும்.

பெட்டி விமானம் ஏறும் முன்பே அதற்குள் என்ன இருக்கிறது என்ற தகவல் கம்ப்யூட்டர் வழியாக அங்கே போய்ச் சேர வேண்டும். அமெரிக்கா 2021 முதல் தபாலுக்கும் இதைக் கட்டாயமாக்கியது, ஐரோப்பா 2023 மார்ச் முதல். "நகை", "துணி", "பரிசுப் பொருள்" என்று ஒற்றை வார்த்தையில் எழுதிய காலம் போய்விட்டது. என்ன பொருள், எதில் செய்தது, எதற்குப் பயன்படுவது, எத்தனை: இந்த நான்கும் ஒரே வரியில் வர வேண்டும். "பித்தளையில் முலாம் பூசிய பெண்கள் கம்மல், 6 ஜோடி" என்று எழுதினால் எந்த நாட்டு அதிகாரிக்கும் பெட்டியைக் கிழிக்கும் ஆசை குறையும்.

விளாச்சேரி, களிமண் பொம்மை

கே: எங்கள் பொம்மையை விளையாட்டுச் சாமான் என்று யாரோ எழுதிவிட்டார்கள். சிக்கலா?

ப: பெரிய சிக்கல். விளையாட்டுச் சாமான் என்றால் 9503. குழந்தை வாயில் வைத்தால் என்ன ஆகும், பெயின்ட்டில் ஈயம் இருக்கிறதா என்று பரிசோதனைச் சான்று கேட்பார்கள். சுட்ட மண்ணில் செய்த அலங்காரச் சிலைக்குத் தனித் தலைப்பு இருக்கிறது, 6913. கொலுப்படியில் நிற்கும் கிருஷ்ணரை யாரும் கையில் கொடுத்து விளையாட விடுவதில்லை என்பது நமக்குத் தெரியும், அவர்களுக்கு எழுதித்தான் தெரிய வேண்டும்.

திருநெல்வேலி, மயிலிறகு விசிறி

கே: வெளிநாட்டுக்கு அனுப்ப என்ன லைசென்ஸ் வேண்டும்?

ப: எந்த லைசென்ஸும் உதவாது. மயில் தோகை ஏற்றுமதிக்குத் தடை. பனை ஓலை விசிறிக்கு மாறுங்கள்.

கள்ளக்குறிச்சி, மரச் சிற்பம்

கே: ஜெர்மனியிலிருந்து ஒருவர் இரண்டு அடிப் பிள்ளையார் கேட்கிறார். ஆன்லைன் தளம் "ஐரோப்பாவில் உங்கள் பொறுப்பாளர் யார்?" என்று கேட்டு லிஸ்டிங்கை நிறுத்திவிட்டது. பிள்ளையாருக்கு எதற்குப் பொறுப்பாளர்?

ப: பிள்ளையாருக்கு வேண்டாம், பெட்டிக்கு வேண்டும். ஐரோப்பிய யூனியனின் பொதுப் பொருள் பாதுகாப்பு விதி 2024 டிசம்பர் 13 முதல் அமலில் இருக்கிறது. அங்கே விற்கும் பொருளால் யாருக்காவது ஆபத்து என்றால் கேள்வி கேட்க அங்கேயே ஒரு முகவரி வேண்டும் என்பது சாரம். பொருள் மேலோ பேக்கிங் மேலோ உங்கள் பெயர், முகவரி, மின்னஞ்சல் இருக்க வேண்டும், யூனியனுக்குள் இருக்கும் பொறுப்பாளரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். பொருளின் ஆபத்துகளை ஆராய்ந்த ஒரு கோப்பைத் தயாரித்து 10 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். பிரிட்டன் வெளியே போய்விட்டதே என்று நிம்மதி அடையாதீர்கள், வடக்கு அயர்லாந்துக்கு இந்த விதி பொருந்தும்.

பொறுப்பாளராக இருப்பதையே தொழிலாகச் செய்யும் கம்பெனிகள் உண்டு, கட்டணம் வாங்கிக்கொண்டு பெயர் தருவார்கள். வருஷத்துக்கு இரண்டு பிள்ளையார் விற்கும் உங்களுக்கு அந்தக் கட்டணம் கட்டுப்படியாகுமா? எனக்குத் தோன்றுவது: ஆகாது. விதி வந்த நேரத்தில் பல நாட்டுச் சிறு கைவினைக்காரர்கள் ஐரோப்பாவைத் தங்கள் பட்டியலிலிருந்தே தூக்கினார்கள். பெரிய கம்பெனிக்காகத் தைத்த சட்டையைக் குடிசைத் தொழிலுக்கும் போட்டுவிட்டார்கள் என்ற அவர்கள் கோபத்தில் எனக்கும் பங்கு உண்டு. அங்கே ஏற்கெனவே இந்தியக் கைவினை இறக்குமதி செய்யும் கடைக்காரர் ஒருவர் கிடைத்தால் அவருக்கு மொத்தமாக விற்றுவிடுங்கள். இறக்குமதியாளர் என்ற முறையில் அந்தப் பொறுப்பு அவருடையதாகிவிடும்.

இன்னொன்று. மரம் எது? ஈட்டி மரம் என்றால் நிறுத்துங்கள். அந்த மரத்தின் பேரினம் முழுவதும் 2017 முதல் சைட்டிஸ் என்னும் உலக வன உயிர் வணிக ஒப்பந்தத்தின் பட்டியலில் இருக்கிறது, காகிதம் தேவைப்படும் சிற்பம் அது இல்லாமல் போனால் திரும்பக்கூட வராது. வாகை என்றால் அந்தக் கவலை இல்லை.

நாச்சியார்கோயில், பித்தளைக் குத்துவிளக்கு

கே: பாரிஸுக்கு விளக்கு ஒன்றும் சால்வை இரண்டும் ஒரே பெட்டியில் போட்டால் மிச்சமா?

ப: தபால் செலவில் மிச்சம். டியூட்டியில் இல்லை. 150 யூரோவுக்குக் கீழே உள்ள பெட்டிக்கு ஐரோப்பாவில் கஸ்டம்ஸ் டியூட்டி இருக்கவில்லை, வாட் மட்டும் 2021 ஜூலையிலிருந்து முதல் யூரோவுக்கே உண்டு. 2025 டிசம்பரில் நிதி அமைச்சர்கள் கூடி, 2026 ஜூலை 1 முதல் பெட்டிக்குள் இருக்கும் ஒவ்வொரு சரக்கு வகைக்கும் 3 யூரோ என்று முடிவு செய்தார்கள். விளக்கு ஒரு வகை, ஒரே துணியில் நெய்த சால்வை இரண்டும் சேர்ந்து ஒரு வகை. 6 யூரோ. குத்துவிளக்கு விற்பவருக்கு இது பெரிய அடி இல்லை. 4 யூரோவுக்குக் கம்மல் விற்பவர்தான் அழ வேண்டும்.

சாத்தூர், மாங்காய்த் தொக்கு

கே: எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. லைசென்ஸ் வைத்திருக்கிறேன். அமெரிக்காவுக்குத் தொக்கு விற்கலாம்தானே?

ப: அந்த லைசென்ஸ் நம் ஊருக்கு. அவர்கள் ஊரில் எஃப்.டி.ஏ. என்று ஒரு மாமியார் இருக்கிறார். தொக்கு தயாராகும் இடத்தை அவர்களிடம் பதிவு செய்ய வேண்டும், அமெரிக்காவிலேயே ஓர் ஏஜென்ட் வேண்டும், இரட்டைப்படை வருஷங்களில் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், ஒவ்வொரு சரக்குக்கும் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். புளிப்பு சேர்த்துப் பதப்படுத்திய உணவு என்றால் தயாரிப்பு முறையையும் தாக்கல் செய்யச் சொல்லலாம்.

வீட்டில் ஒருவர் தன் கையால் செய்து, தானே சொந்தக்காரருக்கு அன்பளிப்பாக அனுப்பும் உணவுக்கு மட்டும் முன்னறிவிப்பு வேண்டாம். உங்கள் பாட்டி பேரனுக்கு அனுப்புவது அந்த வகை. பாட்டி பேரனின் அபார்ட்மென்ட்வாசிகள் அத்தனை பேருக்கும் ஜாடி 15 டாலர் என்று அனுப்பினால் அந்த வகை இல்லை.

பவானி, ஜமுக்காளம்

கே: சிங்கப்பூர், மலேசியா, ஆஸ்திரேலியா எல்லாம் சின்னப் பார்சலுக்கும் வரி போட்டுவிட்டதாமே. மாதம் பத்துப் பெட்டி அனுப்பும் நானும் அங்கே பதிவு செய்யணுமா?

ப: வேண்டாம், ஐயா. சிறிய ஆளாக இருப்பதன் சுகம் இந்த ஒரு இடத்தில் இருக்கிறது, அனுபவியுங்கள்.

ஆஸ்திரேலியா 2018 ஜூலை முதல் 1,000 ஆஸ்திரேலிய டாலர் வரையிலான பெட்டிக்கும் 10 சதவீத ஜி.எஸ்.டி. வாங்குகிறது, ஆனால் அங்கே வருஷத்துக்கு 75,000 டாலருக்கு விற்பவர்தான் பதிவு செய்ய வேண்டும். சிங்கப்பூர் 2023-ல் ஆரம்பித்தது, இப்போது வரி 9 சதவீதம். உலக அளவில் 10 லட்சம் சிங்கப்பூர் டாலர் விற்று, அதில் சிங்கப்பூர் வாடிக்கையாளருக்கு மட்டும் 1 லட்சம் தாண்டினால்தான் பதிவு. மலேசியாவில் 2024 முதல் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட பொருளுக்கு 10 சதவீதம், வருஷத்துக்கு 5 லட்சம் ரிங்கிட் தாண்டுபவருக்கு. உங்கள் ஜமுக்காளம் அந்த உயரத்துக்கு வளர்ந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், நானே ஆடிட்டரைக் கூட்டிவருகிறேன்.

பெரிய ஆன்லைன் தளம் வழியாக விற்றால் கதை வேறு. தளமே கஸ்டமரிடம் வரியை வசூலித்துக் கட்டிவிடும், நீங்கள் தனியாகக் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை.

பத்தமடை, பாய்

கே: மெல்போர்னுக்கு அனுப்பிய பாயைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். வரி கட்டச் சொன்னால் கட்டிவிடலாம். கேட்கவே இல்லையே?

ப: அவர்களுக்கு உங்கள் பணம் வேண்டாம், உங்கள் பூச்சி வேண்டாம். ஆஸ்திரேலியாவின் உயிரிப் பாதுகாப்புச் சோதனை உலகத்திலேயே கறாரானவற்றில் ஒன்று. கோரை, ஓலை, மரப்பட்டை, விதை எதுவானாலும் பார்ப்பார்கள். சுத்தமாகக் காய்ந்து, மண்ணும் விதையும் ஒட்டாமல் இருந்தால் விடுவார்கள். இல்லாவிட்டால் மருந்தடிக்க, திருப்பி அனுப்ப, அழிக்க என்று கேட்பார்கள், எல்லாச் செலவும் நம் பக்கம். பேக்கிங்குக்கு வைக்கோல் திணிக்கும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள்.

தஞ்சாவூர், தலையாட்டி பொம்மை

கே: ஒன்றரைக் கிலோ பொம்மைக்கு ஏழு கிலோ பில் போட்டார்கள். தராசில் கோளாறா?

ப: தராசு சரி. கூரியர்காரர் எடையோடு இடத்தையும் விற்கிறார். நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பது வழக்கம். 30-க்கு 30-க்கு 40 பெட்டி என்றால் 7.2 கிலோ. பொம்மை ராஜாவின் தலையையும் உடலையும் தனித்தனியாகப் பிரித்து, ஒன்றுக்குள் ஒன்று வைத்து அனுப்பினால் பெட்டி சுருங்கும். ஆட்டம் அங்கே போய் ஆரம்பிக்கட்டும்.

தென்காசி, இன்னும் ஆரம்பிக்கவில்லை

கே: ஒரே கேள்வி. முதல் பார்சலுக்கு முன்னால் என்ன பேப்பர் வேண்டும்?

ப: முதலில் ஐ.இ.சி. என்னும் ஏற்றுமதி, இறக்குமதி எண். ஆன்லைனில் 500 ரூபாய், பான் கார்டும் வங்கிக் கணக்கும் போதும். ஏஜென்ட் 5,000 கேட்டால் வணக்கம் சொல்லி வந்துவிடுங்கள். ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் உண்டு, ஆனால் வருஷா வருஷம் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் உள்ளே போய் விவரம் சரி என்று உறுதி செய்ய வேண்டும். மறந்தால் எண் தூங்கிவிடும், அது தூங்கியது பார்சல் நின்ற பிறகுதான் உங்களுக்குத் தெரியும்.

ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால் எல்.யூ.டி. என்ற உறுதிமொழியை ஒவ்வொரு நிதியாண்டுக்கும் தாக்கல் செய்யுங்கள், வரி கட்டாமலே ஏற்றுமதி செய்யலாம். இல்லாவிட்டால் வரியைக் கட்டிவிட்டு ரீஃபண்டுக்குத் தவம் இருக்க வேண்டும்.

பிறகு, பக்கத்தில் டாக் கர் நிர்யாத் கேந்திரா எங்கே என்று விசாரியுங்கள். பெயர் பயமுறுத்தினாலும் தபால் ஆபீஸ்தான். நாட்டில் ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. அஞ்சல் ஏற்றுமதி பில்லை ஆன்லைனிலேயே போட்டு, பெட்டியை அங்கே கொடுத்துவிட்டு வரலாம், கஸ்டம்ஸ் ஆபீஸ் படியேற வேண்டியதில்லை. தபாலில் போனால் டியூட்டி டிராபேக் போன்ற ஏற்றுமதிச் சலுகைகள் கிடையாது என்பது பழைய குறை. 2026 ஜனவரி முதல் அந்தச் சலுகைகளையும் தபாலுக்குத் திறந்திருக்கிறார்கள். தொகை சிறியதுதான். ஆனால் பில் போட்டவருக்குத்தான் அது. கிஃப்ட் என்று எழுதியவருக்கு யார் கொடுப்பார்கள்?

சென்னை, சிறு பதிப்பகம்

கே: புத்தகத்துக்கும் டியூட்டியா?

ப: தப்பித்த ஒரே ஜாதி நீங்கள்தான். அமெரிக்காவின் சாதாரணக் கட்டணப் பட்டியலிலேயே புத்தகத்துக்கு டியூட்டி இல்லை. 2025-ல் போட்ட கூடுதல் வரிகளுக்கு ட்ரம்ப் பயன்படுத்திய 1977-ம் ஆண்டின் அவசர அதிகாரச் சட்டம், புத்தகம் போன்ற தகவல் பொருட்களைத் தொடக்கூடாது என்று தனக்குத்தானே வேலி போட்டுக்கொண்டது. பிரிட்டனிலும் வாட் பூஜ்யம். கவுன்டரில் 4901 என்று சரியாகப் பதிகிறார்களா என்று எட்டிப் பாருங்கள். மற்றபடி, நாவலின் விலையைவிடத் தபால் செலவு அதிகமாக இருப்பதற்கு நான் என்ன செய்ய முடியும்? குண்டு நாவலாகப் போடாதீர்கள்.

திருப்பூர், குழந்தை உடுப்பு

கே: விதி மாறுவது எங்களுக்குக் கடைசியில்தான் தெரிகிறது. முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி?

ப: வாட்ஸ்அப் குரூப்பில் வருவது இரண்டே வகை: "எல்லாம் முடிஞ்சது" என்றொரு ஃபார்வர்டு, "ஒண்ணும் ஆகலை" என்றொரு ஃபார்வர்டு. இரண்டையும் படித்துவிட்டு அஞ்சல் துறையின் தளத்தில் சர்வதேச அறிவிப்புப் பக்கத்தைத் திறங்கள். எந்த நாட்டுக்கு நிறுத்தம் என்று அங்கே போடுகிறார்கள். உங்கள் கூரியர் கணக்கு மேலாளரிடம் மாதம் ஒருமுறை பேசுங்கள், அவருக்குத் தெரியாவிட்டாலும் தெரிந்தவரைத் தெரியும்.

இதைவிட முக்கியம், ஒரே நாட்டை நம்பி நிற்காமல் இருப்பது. 2025-ல் அமெரிக்காவை மட்டும் நம்பியவருக்கு ஒன்றரை மாதம் தபால் வழி பூட்டு. அமெரிக்காவோடு வளைகுடாவுக்கும் கனடாவுக்கும் கொஞ்சம் அனுப்பிக்கொண்டிருந்தவர் வாடகை கட்டினார். பிரிட்டன் உங்களுக்குச் சுலபம். அங்கே குழந்தை உடுப்புக்கு வாட் பூஜ்யம், 135 பவுண்டு வரை டியூட்டியும் இல்லை. 2029 மார்ச்சுக்குள் அந்த 135-ஐயும் எடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் நாலு காசு பாருங்கள்.

மதுரை, சுங்குடிப் புடவை

கே: அட்லாண்டா கஸ்டமர் "போட்டோவில் பார்த்த கலர் இல்லை" என்று இரண்டு புடவையைத் திருப்பி அனுப்புகிறார். என் புடவை என்னிடம் வருவதற்கு நம் கஸ்டம்ஸ் இறக்குமதி வரி கேட்குமா?

ப: கேட்கும், நீங்கள் நிரூபிக்காவிட்டால். ஏற்றுமதியான பொருள் 3 ஆண்டுக்குள் அப்படியே திரும்பி வந்தால் இறக்குமதி டியூட்டியில் விலக்கு கொடுக்கக் கஸ்டம்ஸ் அறிவிக்கை இருக்கிறது. போன புடவைதான் வந்த புடவை என்று காட்ட ஏற்றுமதி பில், இன்வாய்ஸ், டிராக்கிங் எண் வேண்டும். போனபோது ஏற்றுமதிச் சலுகை ஏதாவது வாங்கியிருந்தால் அதைத் திருப்பிக் கட்ட வேண்டும். "திரும்பி வரும் சரக்கு, பழைய இன்வாய்ஸ் எண் இது" என்று பெட்டியின் மேலேயே எழுதச் சொல்லுங்கள் அந்தக் கஸ்டமரை. அவர் பாட்டுக்கு "புடவை, 150 டாலர்" என்று எழுதினால் அது புது இறக்குமதி ஆகிவிடும்.

இவ்வளவும் செய்து முடித்தால் கையில் என்ன மிஞ்சும் என்றும் பாருங்கள். அமெரிக்காவில் கட்டிய டியூட்டியை இரண்டு புடவைக்காகத் துரத்திப் பிடிக்க முடியாது. போன தபால் செலவு, வரும் தபால் செலவு எல்லாம் போச்சு. அந்தக் கலர் பிடிக்கும் ஒருவர் அட்லாண்டாவிலேயே இருப்பார். கஸ்டமரிடமே சொல்லி, 20 சதவீதம் குறைத்து அவர் தோழி யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லுங்கள். அடுத்த போட்டோவை மொட்டை மாடியில், காலை வெயிலில் எடுங்கள். ஃபில்டர் வேண்டாம்.